நாரும் பிசினும்: சாமளாபுரத்தில் எழுந்த எண்ணங்கள்

சோமனூர் ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நொய்யலை நோக்கிச் சென்றால் சாமளாபுரத்தை அடைகிறோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியை நாடிச் செல்லும் அவ்வாற்றின் நீரை ஏற்கும் குளம் ஊருக்கு அழகு. விசைத்தறியின் ஓசை ஊருக்கு உயிர். தறிக்கூடத்தின் மூலையிலோ அறுந்த நூலும் கழிவுப் பஞ்சும் கிடக்கின்றன. பஞ்சுக் கழிவில் நல்லதை ஓ.இ. மில்கள் மீண்டும் நூலாக்குகின்றன. நூலுக்குதவாத நாருக்கும் ஒரு வாழ்வு உண்டென்பதை வாசகர் அறிவாரா?

நம் வீடுகளின் பழைய சுவிட்சுப் பலகையை நோக்குங்கள். 'ஹைலம்' என்று நாம் அழைக்கும் அத்தகடு, தாள்களைப் பினாலிக் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்யப்பட்டது. தாள் என்பது தாவர நாரே. தாளுக்குப் பதிலாகப் பருத்தித் துணியை அடுக்கினால் பற்சக்கரமே கடைந்தெடுக்கலாம். அது இரும்புச் சக்கரத்தைவிட ஓசை குறைந்து சுழலும். மண்சுவருக்கு வைக்கோல் கலந்து குழைத்த நம் முன்னோர் கண்ட உண்மையே இது. மண் உருவம் தருகிறது. நார் விரிசலைத் தடுக்கிறது.

இரும்புத் தகடு அரிதாயிருந்த கிழக்கு ஜெர்மனியில், 1957 முதல் 1991 வரை, 'டிராபன்ட்' என்னும் கார் ஏறத்தாழ 30 லட்சம் செய்யப்பட்டது. அதன் மேற்கூட்டுத் தகடுகள் சோவியத் நாட்டுக் கழிவுப் பஞ்சும் பினாலிக் பிசினும் கலந்தவை!

ஆயினும் இக்கலப்பு எளிதன்று. நார் நீரை விரும்பும்; பிளாஸ்டிக்கோ பெரும்பாலும் நீரை விலக்கும். இரண்டும் ஒட்டாவிடில் வலிமையில்லை. எனவே காரநீரில் நாரைக் கழுவி மெழுகுப் பசையை நீக்குகின்றனர். 1844-இல் ஜான் மெர்சர் கண்டறிந்து, இன்று நூலுக்கு மினுமினுப்பூட்ட நம் ஆலைகள் கையாளும் 'மெர்சரைசிங்' முறைக்கு இது உறவே. ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் நார் கருகத் தொடங்கும். ஆகவே 165 பாகையளவில் உருகும் பாலிபுரோப்பிலீன் போன்றவையே அதற்கு ஏற்ற துணை. தென்னை நாரும் இவ்வழியில் பலகையாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பஞ்சு மண்ணில் மக்கும். பினாலிக் பிசினில் சிறைப்பட்ட பஞ்சு மக்காது, உருகவும் மாட்டாது. ஜெர்மனி ஒன்றானபின் கைவிடப்பட்ட டிராபன்ட் கூடுகளை என்செய்வது என்பது பெருஞ்சிக்கலாயிற்று. பாலிபுரோப்பிலீன் கலவையை மீண்டும் உருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நார் சிதைந்து வலிமை குன்றும். இயற்கை நார் கலந்தது என்ற ஒன்றாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது.

இதே நொய்யல் கீழே திருப்பூரைக் கடக்கிறது. சாயத்தின் பொலிவை முதலில் எண்ணி, கழிவுநீரைப் பின்னர் எண்ணியதன் விளைவாக, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. பல குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. கழிவுப் பஞ்சிலிருந்து புதுத்தொழில் காண விழையும் நம் இளைஞர் இதை மறவாதிருப்பாராக. நூலாகக் கூடியது முதலில் நூலாகட்டும். எஞ்சியது நெடுங்காலம் உழைக்கும் பலகையாகவோ சக்கரமாகவோ ஆகட்டும். அதுவும் தேய்ந்தபின் எங்கே போகும் என்ற கேள்விக்கு, அச்சில் வார்க்கும் முன்பே விடை காண்பதுதான் அறிவுடைமை.