காருக்குள் நாம்... ரயிலுக்குள் கார்... மேலே கடல்!

லண்டனிலிருந்து பாரிஸுக்கு சொந்த காரிலேயே போக முடியுமா? நடுவில் கடல் இருக்கிறதே என்று யோசிக்கலாம். முடியும். ஆனால், கடல் வரும் இடத்தில் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. காரை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். காரில் இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம். அப்படியே உட்கார்ந்திருந்தால் 35 நிமிடங்களில் பிரான்ஸ் வந்துவிடும்!

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஃபோக்ஸ்டன்தான் இதற்கான இடம். எம்-20 நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் பாதை நேராக ரயில் முனையத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. எதிர்க்கரையில் காலே நகரத்தை ஒட்டிய கொக்கேல் என்ற ஊரில் இதேபோல இன்னொரு முனையம். இரண்டுக்கும் நடுவே ஓடும் கார் ரயிலின் பெயர் 'லீ ஷட்டில்'. ஆளுக்கு ஒரு டிக்கெட் என்ற கணக்கு இங்கே இல்லை. காருக்குத்தான் கட்டணம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று கார் நிறைய ஆட்களோடு கிளம்பும் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய லாபம்.

முனையத்தில் நுழைந்ததும் கேமரா காரின் நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். ஓர் எழுத்து அச்சிட்ட அட்டையைக் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, அந்த எழுத்தை அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்து மண்ணிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் பிரான்ஸில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதனால் அக்கரையில் இறங்கிய பிறகு எந்தச் சோதனையும் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிரிட்டன் விசா மட்டும் போதாது, ஷெங்கன் விசாவும் வேண்டும்.

ரயிலின் நீளம் முக்கால் கிலோமீட்டருக்கும் மேல். பக்கவாட்டில் இருக்கும் அகலமான கதவு வழியாக ஏறி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று உள்ளேயே காரை ஓட்டிக்கொண்டு போகலாம். சாதாரண கார்களுக்கு மாடி வைத்த பெட்டிகள். உயரமான வண்டிகளுக்கு ஒற்றைத் தளப் பெட்டிகள். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி வைக்கச் சொல்வார்கள். எல்.பி.ஜி-யில் ஓடும் கார்களுக்கு அனுமதி இல்லை. எலெக்ட்ரிக் கார்களுக்குத் தடை இல்லை.

"மீன் தெரியுமா?"

குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தெரியாது! பெட்டியின் சின்ன ஜன்னலுக்கு வெளியே இருட்டும் கான்கிரீட் சுவரும்தான். சுரங்கம் கடல் நீருக்குள் இல்லை. கடலின் தரைக்கும் கீழே, சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த பாறைக்குள் குடைந்து போகிறது. மிக ஆழமான இடத்தில் கடல் தரையிலிருந்து 75 மீட்டர் கீழே. காது லேசாக அடைக்கும். மற்றபடி கடலுக்கு அடியில் போகிறோம் என்று சொன்னால்தான் தெரியும். கடலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பக்கத்து ஊரான டோவரிலிருந்து கப்பலில் போகலாம். ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால், அங்கே தெரியும் வெள்ளைப் பாறைகளுக்காக அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

சுரங்கத்தின் மொத்த நீளம் 50 கிலோமீட்டர். கிட்டத்தட்ட எழும்பூரிலிருந்து செங்கல்பட்டை நெருங்கும் தூரம். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். இவ்வளவு தூரம் ஆயிரக்கணக்கான கார்கள் புகை விட்டபடி போனால் அந்தப் புகையை வெளியேற்றுவது பெரும்பாடு. இருட்டுச் சுவரையே பார்த்து ஓட்டுகிற டிரைவருக்குக் கண் சொருகும் ஆபத்தும் உண்டு. சாலையை விட்டுவிட்டு ரயில்தான் சரி என்று முடிவெடுத்தது நல்ல முடிவு.

இந்தக் கனவுக்கு 200 வயதுக்கு மேல். 1802-லேயே ஆல்பர்ட் மாத்யூ என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் எண்ணெய் விளக்குகள் வைத்து, குதிரை வண்டிகள் ஓடும் சுரங்கத்துக்குத் திட்டம் போட்டார். 1880-களில் இரு கரைகளிலும் ஒரு மைலுக்கு மேல் தோண்டியே விட்டார்கள். 'இந்த வழியாக எதிரிப் படை உள்ளே வந்துவிட்டால்?' என்று பிரிட்டிஷ் ராணுவத் தளபதிகள் பயந்தார்கள். வேலை நின்றது. தீவாக இருப்பதே பாதுகாப்பு என்று நம்பிய நாடு அது. 1988-ல் மறுபடி தோண்டத் தொடங்கி, 1990 டிசம்பர் 1-ம் தேதி ஒரு பிரிட்டிஷ் தொழிலாளியும் ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியும் கடலுக்கு அடியில் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வந்த பாதைகளுக்கு நடுவே இருந்த விலகல் அரை மீட்டர்கூட இல்லை! இந்த வேலையில் 10 தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். 1994 மே 6-ம் தேதி எலிசபெத் ராணியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் திறந்துவைத்தார்கள். தோண்டிய மண்ணை டோவர் அருகே கடலோரம் கொட்டியதில் புதிதாக ஒரு நிலமே உருவாகி, இப்போது அது 'சாம்ஃபயர் ஹோ' என்ற பூங்காவாக இருக்கிறது.

நடுவில் தீப்பிடித்தால்?

மூடிய ரயிலில், மூடிய காரில், பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் எந்த அம்மாவுக்கும் இந்தக் கேள்வி வரும். பிடித்திருக்கிறது. 1996 நவம்பரில், லாரிகளை ஏற்றிப்போகும் ரயில் ஒன்று சுரங்கத்துக்குள் எரிந்தது. அதில் இருந்த 34 பேரும் உயிர் தப்பினார்கள். 2008-லும் ஒரு லாரி ரயிலில் பெரிய தீ. அப்போதும் உயிரிழப்பு இல்லை.

காரணம், அங்கே இருப்பது ஒரு சுரங்கம் இல்லை, மூன்று. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் சின்னதாக இன்னொன்று. நடுச் சுரங்கத்தில் ரயில் ஓடாது. ஆட்கள் தப்பிக்கவும் மீட்பு வண்டிகள் வரவும் அது உதவும். 375 மீட்டருக்கு ஒரு கதவு உண்டு. உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருப்பதால், கதவைத் திறந்தாலும் புகை உள்ளே வராது, காற்றுதான் வெளியே தள்ளும். ரயில்கள் ஓடி ஓடிச் சுரங்கம் சூடேறாமல் இருக்க, குளிர்ந்த நீர்க் குழாய்களும் கூடவே ஓடுகின்றன. 1996 விபத்தில் எரிந்த லாரிப் பெட்டிகள் பக்கவாட்டில் திறந்தவை. கார் பெட்டிகள் முழுக்க மூடியவை. பெட்டிக்குப் பெட்டி தீத்தடுப்புக் கதவு உண்டு.

லண்டனில் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழி நன்றாகவே பழக்கம். பாரிஸ் லா சப்பலில் பிள்ளையார் கோயில் தேர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று காரணங்கள் நிறைய. ஒரே சிக்கல், கட்டுச்சோறு! பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகத் தடை. ஆக, தயிர் சாதத்தையும் மட்டன் ரோலையும் ரயில் ஏறும் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். புளிசாதத்துக்குப் பிரச்னை இல்லை.

அக்கரையில் கதவு திறந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, காரை வலது பக்கமாக ஓட்ட வேண்டும். பாரிஸுக்கு இன்னும் 300 கிலோமீட்டர், சுமார் மூன்று மணி நேரம். பிரிட்டன் காருக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், பிரான்ஸின் டோல் பூத்தோ இடது பக்கம். அதனால், பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கிவிடக் கூடாது. டோல் காசு கொடுப்பது அவர் வேலை!