ஓடிய தூரமும் தவறிய அழைப்பும்



2024 ஜனவரி 6, சனிக்கிழமை. அன்று சென்னை மாரத்தானின் முழுத் தூரமாகிய 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்தேன். அதற்குக் கிடைத்த பதக்கம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைச் சுவரில் மாட்டாதது ஏன் என்று நம் வாலிபர்கள் சிலர் கேட்டபோது சிரித்து மழுப்பினேன். அதற்குரிய விடையை இன்று எழுதுகிறேன்.

ஐம்பதாம் வயதில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடக்கத் தொடங்கினேன்; சில மாதங்களில் நடை ஓட்டமாயிற்று. சாந்தோம் நெடுஞ்சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்தைக் கடந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை ஓடுவது வழக்கமாயிற்று. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, உறக்கம் சீரானது. இவற்றைவிட இனிமையானது ஒன்றும் கிடைத்தது: ஒருவரும் என்னை எதற்கும் அழைக்காத விடியற்காலம். அதை என் ஜெபநேரம் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, முப்பது கிலோமீட்டர் பயிற்சிக்காக நான்கு மணிக்கே புறப்பட்டேன். கைபேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுச் சென்றேன். எட்டரை மணிக்குத் திரும்பியபோது அதில் ஐந்து தவறிய அழைப்புகள் இருந்தன. எல்லாம் தியாகராய நகரிலிருந்து, நம் சபையின் முதிய சகோதரர் ஒருவருடைய வீட்டிலிருந்து வந்தவை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மறைந்து ஒரு மணி நேரத்திற்கு மேலாகியிருந்தது. அவர் மனைவி என்னைக் குறைகூறவில்லை. "உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார் ஐயா. பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஜெபம் பண்ணினாள்" என்று மட்டும் சொன்னார். வியர்வை காய்ந்த உடலோடு நான் அங்கே நின்றேன். பயிற்சியில் இருந்தேன் என்று சொல்ல நா எழவில்லை; எங்கே போயிருந்தேன் என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. நகரம் வெள்ளத்தில் நின்றது. மின்சாரமின்றி மின்தூக்கிகள் ஓடாத குடியிருப்புகளில், தண்ணீர்க் கேன்களைத் தோளில் சுமந்து நான்கு மாடிகள் ஏறினேன். ஓட்டம் பழக்கிய கால்கள் அதற்கு உதவின. அந்த நன்மையையும் மறைக்க மாட்டேன். ஆயினும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுகட்ட மனம் ஒப்பவில்லை.

மாரத்தான் நாளன்று நேப்பியர் பாலத்தருகே இருளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். காமராசர் சாலையில் இடப்புறம் கடலின் இரைச்சலைக் கேட்டபடி ஓடுகையில், என் வயதே எனக்கு மறந்துபோயிற்று. அந்த மகிழ்ச்சி மெய்யானது. ஆனால் முப்பது கிலோமீட்டரைக் கடந்தபின், தசைகளும் ஈரலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. ஓட்டக்காரர்கள் அதைச் சுவரில் மோதுவது என்பார்கள். நான் மோதினேன். கெண்டைக்கால்கள் இறுகின; சாலையோரத்தில் அமர்ந்துவிட்டேன்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரான அம்மா ஒருவர், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் அருகில் வந்து நின்றார். "எழுந்திரு தம்பி, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். இன்னும் பத்துக் கிலோமீட்டர் இருந்தது. ஆனாலும் நான் எழும்வரை அவர் அங்கேயே நின்றார். கடைசித் தொலைவில் ஒருவர் அருகில் நிற்பது எத்தகையது என்பதை அப்போதுதான் என் உடல் அறிந்தது. தியாகராய நகரில் அந்த விடியற்காலையில் ஒரு மனிதர் என்னிடம் கேட்டதும் அதைத்தானே! தரமணியில் பதக்கத்தை என் கழுத்தில் அணிவித்தபோது, அவர் முகமே கண்முன் நின்றது.

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "ஓடுவதை நிறுத்தாதீர்கள் ஐயா, உங்கள் உடம்பும் எங்களுக்கு வேண்டும். போனை மட்டும் கொண்டு போங்கள்" என்றார். நான் எதிர்பார்த்த தண்டனையைவிட அது கடினமாயிருந்தது. எதிர்பார்த்த மன்னிப்பைவிட எளிமையாயிருந்தது.

2025இல் மாரத்தான் ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று ஓட மறுத்து, 100 மீட்டர் பந்தயத்தையே விட்டுக்கொடுத்த எரிக் லிடெலைச் சிலர் எனக்கு நினைவூட்டினர். அந்த ஒப்புமைக்கு நான் தகுதியற்றவன். அவர் விட்டுக்கொடுத்தது பெரும் வாய்ப்பு. எனக்கோ ஆராதனை நடத்தும் கடமை இருந்தது, அவ்வளவே.

இப்போதும் ஓடுகிறேன், குறைந்த தூரம். கைபேசி இடுப்புப் பையில் இருக்கிறது. சென்ற வாரம் திரு.வி.க. பாலத்தின் நடுவில் அது ஒலித்தது. நின்று, எடுத்துப் பேசி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குச் சென்றேன். அன்று ஓடியது மூன்று கிலோமீட்டர்.

அன்பானவர்களே, தீயவை மட்டுமே நம்மைப் பிறரிடமிருந்து பிரிப்பதில்லை, நல்லவையும் பிரிக்கக்கூடும். ஓட்டம், வேலை, படிப்பு, ஏன், ஊழியமும் அப்படியே. உங்கள் வாழ்வின் நற்காரியம் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் ஈடுபட்டிருக்கையில் யாருடைய அழைப்பு உங்களை எட்டாமற்போகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

ஆண்டவரே, எங்களுக்கு ஓடும் பெலனையும், அழைக்கப்படும்போது நிற்கும் மனதையும் தாரும். ஆமென்.