உடப்புக் கரையில் ஒரு காலை

தமிழ் ஆசிரியர் வீட்டிலேயே தமிழுக்குப் பஞ்சம் என்றால் நேயர்கள் நகைப்பீர்கள். ஆயினும் உண்மையை மறைப்பானேன்? கொழும்பில் ஆங்கில மொழி மூலம் கற்கும் என் பதின்மூன்று வயது மகள், நான் தமிழில் கேட்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் விடையளிக்கும் வழக்கத்தை எப்பொழுது கைக்கொண்டாள் என்பது எனக்கே தெரியாது. "பிள்ளை விளங்கிக்கொள்கிறாள்தானே" என்று என் மனைவி ஆறுதல் கூறுவாள். நானும் அந்த ஆறுதலில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

இந்நிலையில், என்னிடம் முன்னர் கற்ற மாணவர் ஒருவர் தம் ஊரான உடப்புக்கு எங்களை அழைத்தார். மார்கழி விடுமுறையில் மூவரும் புத்தளம் பஸ் வண்டியில் ஏறினோம்.

நீர்கொழும்பைத் தாண்டிச் சிலாபம் வரையில் கடற்கரையோரமாகச் செல்லும் அப்பாதை எனக்கு எப்பொழுதும் ஒருவகை மனச்சுமையைத் தருவது. அக்கரையில் வாழும் மீனவக் குடும்பங்கள் பலவற்றின் பாட்டன் பாட்டிமார் தமிழ் பேசியவர்கள். கடந்த நூற்றாண்டில் பாடசாலையில் கற்பிக்கும் மொழி மாறியது. ஓரிரு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறியது. எவரையும் குறைகூற இதனை எழுதவில்லை. எவரும் வாளேந்தி வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்று வந்தார்கள், அவ்வளவே. என் அருகில் அமர்ந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த மகளை அப்போது ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

சிலாபத்துக்கு வடக்கே, பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பி, ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயைக் கடந்தால் உடப்பு. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் கால்வாயும் முந்தல் களப்பும். இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது அவ்வூர் மரபு. ஊரின் நடுநாயகமாக விளங்குவது திரௌபதை அம்மன் ஆலயம். ஆடி, ஆவணிக் காலத்தில் 18 நாட்கள் அங்கே விழா நடைபெறும். பாரதக் கதையின் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நடத்தப்பெற்று, முடிவில் பக்தர்கள் தீ மிதிப்பர். ஏட்டில் மட்டும் நாம் கற்ற பாரதம், அங்கே ஒவ்வொரு வீட்டாருக்கும் ஆண்டுதோறும் வந்துபோகும் உறவினர் கதை போன்றது.

மறுநாள் விடியலில் கரைவலை பார்க்கச் சென்றோம். வலைக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குச் செல்லும். வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுமுனையுடன் கரை திரும்பும். பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் இழுத்துச் சிறிது சிறிதாக நெருங்கி வருவர். அவ்வாறு இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் தொடர்ந்து பாடுவதே அம்பாப் பாடல். அதனைக் கேட்பதற்கென்றே நான் சென்றிருந்தேன். ஆனால் அங்கே என் காதில் விழுந்தது உழவு இயந்திரத்தின் இரைச்சல். கயிற்றை அதுவே சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

மணலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் என் ஏமாற்றத்தைக் கூறினேன். "இப்படியே போனால் பாட்டு அழிந்துவிடுமே, ஐயா?" என்றேன்.

அவர் தம் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். காய்த்துக் கறுத்த கைகள். குறுக்கே பழைய கயிற்றுத் தழும்புகள். "பாட்டு நல்லதுதாங்க ஐயா. ஆனா சந்தோசத்துல பாடல. இந்தக் கை எரிச்சல மறக்கத்தான் பாடினோம். என் பேரன் படிக்கிறான். அவனுக்கு இந்தக் கை வேண்டாம்."

சிறிது நேரம் பேசாதிருந்தவர், "பேச்சு மட்டும் மாறக்கூடாது. அது கயித்துலயா இருக்கு? வீட்டுலல்ல இருக்கு" என்றார்.

எனக்கு நாணமாக இருந்தது. என் வீட்டில் நான் காக்கத் தவறிய ஒன்றை, இவர்கள் தோள் நோகக் காத்துத் தர வேண்டுமென்று எதிர்பார்த்தல்லவா பஸ் ஏறி வந்திருக்கிறேன்!

வலை கரையை அண்மியதும் இயந்திரம் ஓய்ந்தது. கடைசிப் பகுதியைக் கையாலேயே இழுக்க வேண்டுமாம். முதியவர் எழுந்து சென்று குரல் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் தொடர்ந்தனர். "தங்கச்சி, நீயும் வந்து பிடி" என்று ஒருவர் அழைக்க, என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். முதலில் வாயசைத்தாள், பின்னர் அவள் குரலும் கேட்டது. சில நிமிடங்களே. சூடையும் சாளையும் துள்ளும் வலைப்பை கரையேறியது, பாட்டும் நின்றது.

திரும்பும் வழியில் கால்வாய்ப் பாலத்தருகே அவள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பையை ஏன் மடி என்று சொன்னார்கள்? அம்மாவின் மடிக்கும் அதே சொல்தானா?"

அதே சொல்தான் என்றேன். தமிழிலேயே கேட்டாள் என்பது சற்றுப் பின்னரே என் மனத்தில் உறைத்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பாராட்ட வாயெடுத்தவனை என் மனைவி கண்ணால் தடுத்துவிட்டாள்.

கொழும்பு திரும்பிய மறுநாளே அவள் பழையபடி ஆங்கிலத்தில் விடையளித்தாள். ஆனால் நான் முன்போல் வாளாவிருக்கவில்லை. இரவு உணவின்போது அன்றைய செய்தி ஒவ்வொன்றையும் மூவரும் தமிழில் சொல்லுதல் வேண்டும் என்பது இப்பொழுது எங்கள் வீட்டு வழக்கம். சில நாள் அவள் முணுமுணுக்கிறாள். சில நாள் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறாள். கை சிறிது எரியத்தான் செய்யும். இந்த வலையை இழுக்க வேண்டியவர்கள் நாங்கள்தாமே.