ஆண்டகிட்ட கேட்டாச்சா?

எங்க பக்கத்தில் சம்பா அறுவடை முடிந்தால் எலி வேட்டை. வேட்டை என்று சொன்னால் தோழர்கள்கூடச் சிரிக்கிறார்கள். மான் வேட்டைதான் வேட்டை என்ற நினைப்பு. கோடியக்கரைக் காட்டில் வெளிமான் உண்டு. அதுக்காகவே 1967இல் சரணாலயம் ஆக்கினார்கள். தாத்தா வெளிமானைக் கண்டிருக்கிறார், அதன் கறியைக் கண்டதில்லை. எங்களுக்கு வரப்பு எலிதான். அதுக்கும் ஆண்டகிட்ட கேட்கணும்.

விடியறதுக்குள்ள கொல்லைப்பக்கமாப் போய், தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாத்தா நிற்பார். 1997இல் எனக்குப் பத்து வயசு, கூட நானும் நிற்பேன். ஆண்டை வெளியே வர எட்டு மணியாகும். அவர் பேரன், என் வயசுப் பையன், தாத்தா பேரைச் சொல்லி "வந்திருக்கான்" என்று உள்ளே குரல் கொடுப்பான்.

"ஆண்ட, மேலண்ட வரப்புல எலி ரொம்பக் கெடக்கு. உத்தரவு குடுத்தா வெட்டிப்புடுவோம்."

"உளுந்து மொளச்சிருக்கு, மிதிச்சுத் தொலைச்சிடாதீங்கடா. வெட்டுன வரப்ப நீயே கட்டிப்புடணும். வளையில நெல்லு கெடந்தா பாதி இங்க வந்துடணும்."

எலி தின்றால் நட்டம் அவருக்கு. அதைப் பிடிக்கக் கெஞ்சுவது நாங்கள். கூலியும் கிடையாது.

தாத்தா வளையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாயில் ஈரமண் புதுசாகத் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கு. எலி ஒரு கள்ளவாசல் வைத்திருக்கும், மேலே மெல்லிசா மண் மூடியிருக்கும், முட்டினால் திறந்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்து என்னைக் காவல் வைப்பார். மற்றதையெல்லாம் சேற்றால் அடைத்து, வைக்கோல் புகையை ஊதி, பிறகு மண்வெட்டி போடுவார். உள்ளே ஓர் அறை முழுக்கக் கதிர். அறுத்தது மாதிரியே ஒழுங்காக அடுக்கியிருக்கும். நல்ல வளையில் ரெண்டு படி நெல் தேறும். அம்மா அதை அலசிக் காயவைத்து அவிப்பாள். நாங்கள் நட்டு, நாங்கள் களையெடுத்து, எலி இழுத்துப்போட்டு, நாங்கள் தோண்டிய நெல். அதிலும் பாதி.

அனுமதி கேட்பதில் இன்னொன்று இருந்தது. கறுப்பு மருந்தைப் பொரியில் கலந்து வரப்பில் வைப்பார்கள். எந்த வரப்பு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தாத்தா கடைசியாக அதைத்தான் கேட்பார்: "மருந்து கிருந்து வச்சிருக்கா ஆண்ட?" ஒரு வருசம் "இல்லடா, போ" என்றார். தள்ளாடி வந்த எலி ஒன்றை எங்க நாய் கவ்வித் தின்றது. பொழுது சாயறதுக்குள்ள வாயில் நுரை தள்ளிச் செத்துப்போச்சு. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியை அம்மா அப்படியே தூக்கிக் குழியில் கொட்டினாள். என் தங்கை அழுதாள், நாய்க்காகவா கறிக்காகவா என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் ஆண்டையிடம் இதைச் சொன்னபோது, "ஆள்காரன் வச்சிருப்பான்போல" என்றார். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடியே அடுத்த வரப்புக்கு உத்தரவு கேட்டார். அந்த நிற்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

1972ஆம் வருச வனவிலங்குச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணை. எலி ஐந்தாம் அட்டவணை, காக்காயோடு சேர்த்து, தொல்லைப் பிராணி. (அந்த அட்டவணையை 2022 திருத்தம் எடுத்துவிட்டது.) அப்போது எலியைக் கொல்ல அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதில்லை. எலி இருந்த மண்ணுக்குத்தான் பட்டா இருந்தது.

எம்.ஏ. தமிழ் படிக்கையில் பெரும்பாணாற்றுப்படை பாடம். எயினர் குடிசை, மான்தோல் படுக்கை, எயிற்றியர் கடப்பாரையால் கரம்பைக் கிளறி எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுப்பது. ஆசிரியர் உருகி உருகி நடத்தினார். "எங்க வீட்லயும் எலிவளை நெல்லு எடுப்போம் அய்யா" என்றேன். வகுப்பு சிரித்தது. "சரி சரி, பாடத்துக்கு வருவோம்" என்றார் அவர். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின பசி இலக்கியம், என் அம்மாவுடையது அசிங்கம்.

லீவில் போனபோது தாத்தாவுக்கு அந்தப் பாட்டைக் கதையாகச் சொன்னேன். மான்தோலுக்கு அவர் மயங்கவில்லை. வெத்தலையை மென்றுகொண்டே கேட்டார்:

"அந்தப் பொம்பளைங்க யாருகிட்ட கேட்டுட்டுத் தோண்டுனாளுவ?"

"யாருகிட்டயும் கேக்கல தாத்தா. பாட்டுல அப்படி ஒண்ணும் இல்ல."

"நல்லாப் படிச்சியா தம்பி?"