கடைமடைக்கும் நீர்

பாசனத் தமிழில் ‘கடைமடை’ என்றொரு சொல் உண்டு. கால்வாயின் தலைப்பில் நிலம் உள்ளவருக்கு நீர் கேளாமலே வரும். கடைசி மடையில் உள்ளவர் காத்திருக்க வேண்டும். பாலக்காட்டின் கிழக்கு வட்டாரம் இச்சொல்லின் பொருளை நன்கு அறியும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் அளந்து தரவேண்டிய நீர் 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் பகுதியின் கடைமடை உழவர்கள் அந்நீரை எதிர்பார்த்திருப்பவர்கள். அதே வட்டாரத்தில், கஞ்சிக்கோட்டின் ஒரு வீட்டுக் கொட்டகையில், கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள்ளும் நீர் சேராத கடைமடை இருந்தது.

அக்கொட்டகையில் ஒரு பெண் ஏஞ்சல் மீன்களையும் கப்பிகளையும் வளர்த்துக் கடைகளுக்கு விற்று வருகிறார். பிள்ளைகளின் படிப்புச் செலவு அவ்வருவாயில்தான் நடக்கிறது. அடுக்கில் உள்ள தொட்டிகள் அனைத்தின் நீரும் கீழே உள்ள ஒரே ‘சம்ப்’புக்கு இறங்கி, பஞ்சு, செராமிக் வளையங்கள் வழியே தூய்மையாகி, மோட்டார் மூலம் மீண்டும் மேலே ஏறும். வளையங்கள் நிறைய இருந்தும் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடின. குஞ்சுகள் நாள்தோறும் செத்து மிதந்தன. அவர் பெரிய மோட்டார் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

வடிகட்டியில் வேலை செய்வது வளையம் அன்று, அதன்மேல் படிந்து வாழும் நுண்ணுயிர். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டனர். சில வாரங்களுக்குப் பின் அதிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவந்தது. குளோரோபார்ம் ஆவி செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆகவே அது உயிர்களின் வேலை என்பது தெளிவாயிற்று. அவ்வுயிர்களுக்கு உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவருவது ஓடும் நீரே. ஓட்டம் எட்டாத மூலையில் வளையம் எத்தனை இருந்தாலும் அது வெறும் கல்தான்.

கஞ்சிக்கோட்டில் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. வால்வுத் தொழிலிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். ஒரு குவளை கட்டன் சாயா கேட்டு, ஆறவைத்து, நீர் இறங்கும் இடத்தில் மெல்ல ஊற்றினார். பழுப்பு நிறம் பெட்டி முழுவதும் பரவவில்லை. இடப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு கோடாக ஓடி, பஞ்சின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில் நுழைந்து, நேரே மோட்டாரைச் சேர்ந்தது.

“மோட்டார் பெருசானா தண்ணி எல்லாப் பக்கமும் போகும்னு நெனச்சேன், அண்ணா.”

“இல்லம்மா. லேசான வழி ஒண்ணு கெடச்சா, எவ்வளவு தண்ணி விட்டாலும் பெரும்பங்கு அதுலதான் போகும்.”

அவர் கண்டது இரு குறைகள். முதலாவது சாய்வு. தடுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பு ஒரு முனையில் சற்றே தாழ்ந்திருந்தது. விளிம்பின் மேல் வழியும் நீரின் அளவு, வழியும் உயரத்தின் ஒன்றரை அடுக்கில் மாறும். ஒரு முனையில் 8 மி.மீ., மறுமுனையில் 2 மி.மீ. எனில் உயரம் 4 மடங்குதான். ஆனால் வழியும் நீரோ ஏறத்தாழ 8 மடங்கு. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயை வைத்துப் பெட்டியை மட்டப்படுத்தினர்.

இரண்டாவது குறை, தடை எங்கும் ஒன்றாக இல்லாதது. பஞ்சை இடைவெளியின்றி இறுக்கமாகப் பொருந்துமாறு வெட்டினர். வளையங்களுக்கு மேலே சிறு துளைகள் இட்ட தட்டு ஒன்றை வைத்தனர். துளைகள் பெரிதாகவும் பலவாகவும் இருந்தால், நீர் விழும் இடத்திலேயே இறங்கிவிடும். சிறிதாகவும் அளவாகவும் இருந்தால், தட்டின் மேல் ஒரு விரல் உயரம் நீர் தேங்கும். அப்போது எல்லாத் துளைகளின் மேலும் ஒரே அழுத்தம் நிற்பதால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவு நீரைத் தரும். தடையைக் கூட்டியதால்தான் பங்கீடு சமமாயிற்று என்பது முதலில் முரணாகத் தோன்றும். ஆனால் தடை எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் நீர் எளிய வழியைத் தேர்ந்துகொள்ள இயலாது.

நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தனர். மிகைநீர் வழியும் கலிங்கு மட்டம் பார்த்துக் கட்டப்பட்டது. குமிழித் தூம்பில் நீரோடித் துளை வேறு, சேறோடித் துளை வேறு. தெளிந்த நீருக்கும் வண்டலுக்கும் தனித்தனி வழி. ‘கலிங்கு’ என்பதே மலையாளத்தில் ‘கலுங்கு’ என்று சாலைக்கு அடியில் நீர் செல்லும் சிறுபாலத்தைக் குறிக்கிறது. எல்லையோரத்தில் சொல்லின் பொருள் சற்று நகர்ந்திருக்கிறது. நீருக்கு வழி செய்வது என்ற கருத்து மட்டும் இரு மொழிகளிலும் நிற்கிறது.

கொட்டகையில் குஞ்சுகள் சாவது உடனே நிற்கவில்லை. புதிதாக நீர் எட்டிய வளையங்களில் நுண்ணுயிர் பெருகச் சில வாரங்கள் பிடித்தன. அதுவரை அப்பெண் தீனியைக் குறைத்து, நாள்தோறும் கொஞ்சம் நீரை மாற்றி வந்தார். பின்னர் மீண்டும் கட்டன் சாயா ஊற்றிப் பார்த்தபோது பழுப்பு நிறம் பெட்டியின் முழு அகலத்திலும் மங்கலாகப் பரவிக் கரைந்தது. பெரிய மோட்டாரை அவர் விற்றுவிட்டார். முன்பிருந்த அதே நீரும் அதே வளையங்களும் போதுமானவையாக இருந்தன. பற்றாக்குறை என்று எண்ணப்படும் பலவும் பங்கீட்டின் குறையா என்று முதலில் பார்ப்பது நல்லது.