இன்சூரன்ஸ் இருக்கிறது; ஆனால் எதற்கு இருக்கிறது?

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளியைக் கடந்து தெற்கே சென்றால் தொப்பூர்க் கணவாய் வந்துவிடும். அந்த இறக்கத்தில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதின என்ற செய்தியை நம் ஊரார் எத்தனையோ முறை கேட்டாயிற்று. 2024 ஜனவரி 24 அன்று நேர்ந்த ஒரே விபத்தில் நான்கு உயிர்கள் போயின. ஆகவே சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதை இங்குள்ளவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும், அதன் பிறகு குடும்பம் எவ்வாறு பிழைக்கும் என்ற கேள்வி எழும்போது, "அதுதான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நம்மிற் பலர் ஆறுதலடைந்து விடுகிறோம். எந்த இன்சூரன்ஸ், யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

நாம் பணி ஓய்வு பெற்ற நாள் முதல், அக்கம்பக்கத்தார் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து, "என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள், சார்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு படித்துச் சொன்னபோது திரும்பத் திரும்பக் கண்ட தவறான எண்ணங்கள் சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, வண்டி இன்சூரன்ஸ் பற்றியது. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டால், விழுந்து அடிபட்டாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவோர் மிகப் பலர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபருக்கான காப்பீட்டையே. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு அது ஈடு செய்யும்; நம் வண்டி நொறுங்கினால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். வண்டியின் உரிமையாளரே ஓட்டுநராக இருந்து உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் தொகை 2018 முதல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, அது பதிவுபெற்ற உரிமையாளருக்கு மட்டுமே உரியது. அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருத்தல் வேண்டும். பழைய வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவருக்கும், தந்தையின் வண்டியை எடுத்துச் செல்லும் மகனுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர் இந்தக் கட்டாயக் காப்பீட்டில் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மனைவியையும் குழந்தையையும் பின்னால் அமர்த்திச் செல்லும் குடும்பத் தலைவர்கள் இதை இருமுறை படிப்பது நல்லது.

இரண்டாவது, ஏழைக்கு இன்சூரன்ஸ் ஏது என்ற எண்ணம். சுமை தூக்கிப் பிழைத்த ஒருவர் சாலை விபத்தில் இறந்த பின், அவருடைய மனைவி வங்கிக் கணக்கை முடிப்பதற்காக நம்மிடம் வந்தார். "அவர் ஒன்றும் போட்டு வைக்கவில்லை, சார். அன்றாடம் காய்ச்சிக்கு இன்சூரன்ஸ் எங்கிருந்து வரும்?" என்றார். அவருடைய பாஸ்புத்தகத்தைப் புரட்டினோம். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. 2015 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தின் ஆண்டுப் பிரீமியம் அது. 18 முதல் 70 வயது வரையுள்ளவர் விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இறப்புச் சான்றிதழ், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றோடு வங்கியில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் பணம் வந்தது. அந்த ஒரு வரி கண்ணிற் படாமற் போயிருந்தால், அந்த அம்மையார் கணக்கை மூடிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அதே ஆண்டு தொடங்கப்பட்ட ஜீவன் ஜோதி திட்டம், நோயால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தருவது. இதன் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். வேறொரு வீட்டில், கையெழுத்திட்டுச் சேர்ந்தவர் அத்தோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டார். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. ஒரு மே மாதக் கடைசியில் அவர் கணக்கில் போதிய பணம் இல்லை, பிரீமியம் கழிக்கப்படவில்லை. செப்டம்பரில் அவர் மஞ்சட்காமாலையால் இறந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சேர்ந்துவிட்டோம் என்பது வேறு, இவ்வாண்டு பணம் கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு. இரண்டு வங்கிகளிற் சேர்ந்தால் இரு மடங்கு கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. ஒருவருக்கு ஒரு காப்பீடு மட்டுமே.

மூன்றாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. 2012-இல் தொடங்கிய இத்திட்டம் 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வகை செய்தது. ஏழை எளியோர் பலர் இதனால் உயிர் பிழைத்திருக்கின்றனர். ஆனால் அட்டை கையிலிருந்தால் எந்த மருத்துவமனையிலும் எந்த நோய்க்கும் செலவில்லை என்பது பொருளன்று. பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அது பயன்படும். ஆகவே படுக்கையிற் சேர்க்கும் முன்பே, அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் அட்டையைக் காட்டி விசாரித்தறிதல் வேண்டும்.

நான்காவது, விண்ணப்பப் படிவம். "ஏஜெண்டு நமக்கு வேண்டியவர்; அவரே நிரப்பிக்கொள்வார்" என்று வெற்றுத்தாளிற் கையெழுத்திடுவது நம்மிடையே மரியாதையாகக் கருதப்படுகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு 'நோய் இல்லை' என்று எழுதப்பட்டுவிட்டால், அந்தப் பொய் நம் கையெழுத்தோடு நிற்கும். நீரிழிவையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்து எடுத்த மருத்துவக் காப்பீட்டில் கம்பெனி பணம் தர மறுத்தது சரியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உண்மையைச் சொன்னால் பாலிசியே கிடைக்காது என்ற அச்சம் பெரும்பாலும் வீண். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்பே இருந்த நோய்க்கு மருத்துவக் காப்பீட்டிற் காத்திருக்க வேண்டிய காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. ஆயுள் காப்பீட்டிலோ, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் நிறைந்தபின் எக்காரணம் கொண்டும் அதைக் கேள்விக்குள்ளாக்க இயலாது.

ஐந்தாவதாக நாமினி. பாலிசியில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கே பணம் சொந்தம் என்பது பொதுவான நம்பிக்கை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, அது சட்டப்படியான வாரிசுகளுக்கு உரியது என்று சர்பதி தேவி வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாயின் பணம் அவர்களையே சேரும் என்றாயிற்று. ஆயினும் இதன் பேரில் வழக்குகள் ஓயவில்லை. மணமாகுமுன் தாயின் பெயரை எழுதிய இளைஞர், மணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்னும் அதை மாற்றாது விட்டால், மாமியாரும் மருமகளும் நீதிமன்றத்தில் நிற்க நேரும். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாது இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்குப் பங்கில்லை. முதிய பெற்றோரைக் காக்க விரும்புகிறவர் உயில் எழுதிவைப்பதே முறை.

இன்சூரன்ஸ் எடுப்பது அபசகுனம் என்றும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்வோர் இன்னும் உள்ளனர். ஏழாண்டு வளத்தில் ஏழாண்டுப் பஞ்சத்துக்காகத் தானியம் சேர்த்த யோசேப்பை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்காவிடில், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நியாயமான தொகையைக் கம்பெனி மறுத்தால் முதலில் அதற்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

வருகிற ஞாயிறு மாலை, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். பாலிசி எண், நாமினியின் பெயர், பிரீமியம் கட்ட வேண்டிய மாதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது இருக்குமிடத்தைக் காட்டுங்கள். காப்பீடு எடுத்தவர் இல்லாத நாளில்தான் அந்தக் காகிதத்துக்கு வேலை வருகிறது. அன்று அதைத் தேடப் போகிறவர்களுக்கு இன்றே அதைத் தெரிவித்தல் வேண்டும்.