காட்டிக்கொடுத்தவனின் சாதி

எங்க தாத்தா சாகக் கிடந்தப்ப அவஸ்தைபூசுதலுக்குச் சாமியார் வரவில்லை. ஒழுக்கமானவர், குடிக்கமாட்டார். ஆனா சேரிக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டார்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கிரகாம் கிரீனின் 'வல்லமையும் மகிமையும்' நாவலைப் படித்தேன். துரத்தலும் துப்புமாக எழுதிய ஆங்கிலேயர். கட்டிக்கொள்ளப்போகும் பெண் கத்தோலிக்கர் என்று வேதம் கேட்கப்போய், 1926இல் தானும் கத்தோலிக்கரானவர். 1938இல் மெக்சிகோ போனார். அங்கே தபாஸ்கோவில் கோயில்களை இடித்துப் பாதிரிகளை விரட்டியிருந்தார்கள். திரும்பிவந்து காலையில் காசுக்கு ஒரு மர்மக்கதை, மத்தியானம் இந்த நாவல் என்று எழுதினார். 1940இல் வெளிவந்தது.

இதில் வரும் சாமியார் குடிகாரர். ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பன். பொறி என்று தெரிந்தும், சாகக் கிடக்கிற ஒரு கொலைகாரனின் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போய்ப் பிடிபட்டுச் சாகிறார். 1953இல் ரோமாபுரி இந்த நாவலைக் கண்டித்தது. கிரீன் ஒரு வரியையும் மாற்றவில்லை. இதுக்காகவே அந்த மனுசனைக் கும்பிடலாம்.

ஆனா ஒண்ணு உறுத்துது. நாவலில் சாமியாருக்கும் பெயரில்லை, துரத்தும் போலீஸ் அதிகாரிக்கும் பெயரில்லை. ஒருவர் தொழிலால் சாமியார், இன்னொருவர் அதிகாரி. காட்டிக்கொடுக்கிறவன் மட்டும் பிறப்பால் அழைக்கப்படுகிறான்: மெஸ்திசோ, பூர்வகுடி ரத்தமும் வெள்ளை ரத்தமும் கலந்தவன். போதாததுக்கு ரெண்டு மஞ்சள் கோரைப்பல். பாவிகளுக்கு அத்தனை இடம் கொடுத்த விசுவாசம் யூதாசுக்கு ஒரு சாதியைக் கொடுத்துவிட்டது.

அம்மாவுக்குக் கதை சொன்னேன். "அந்தக் குடிகாரச் சாமி நம்ம தெருவுக்கு வந்திருப்பாருடா" என்றாள். கலப்பு ரத்தத்துக்காரன் விசயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை.